மாரிக்கு, அந்தப் போன் பற்றி

அன்பு மாரிக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நலம். நீ அனுப்பிய சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா போன் படமும், அதன் கீழே "வாங்கலாமா அம்மா?" என்று கேட்டிருந்ததும் கிடைத்தன. வாட்ஸ்அப்பிலேயே பதில் போட்டிருக்கலாம். ஆனால் நீ கேட்டிருப்பது 1,29,999 ரூபாய் விவகாரம். அதற்கு ஒற்றை வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பாவைக் கேட்டிருந்தால் "சம்பாதிக்கிறான், வாங்கட்டும்" என்று முடித்திருப்பார். அது தெரிந்துதானே என்னைக் கேட்டாய்?

விலை கூடிய போன் எல்லாமே ஏமாற்று வேலை என்று பேசும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதே. ரிப்பேர் கடையில் தினமும் மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே விலை கூடியதையும் குறைந்ததையும் திறந்து பார்க்கிறவள் நான். 2017-இல் ஐபோன் பத்து வந்தபோது மதர்போர்டை இரண்டு அடுக்காக்கி, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பற்றவைத்திருந்தார்கள். ரிப்பேர் செய்கிறவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டினோம். திட்டிக்கொண்டே வியந்தோம். அந்த வேலைப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு, மறுக்கவில்லை. அந்தப் போன் 89,000 ரூபாய் என்றபோது பஜாரில் சிரிக்காத ஆள் இல்லை. 2025-இல் ஐபோன் பதினேழு புரோ மேக்ஸ் 1,49,900-இல்தான் தொடங்கியது, ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான். போன் வளர்ந்ததைவிட வேகமாக, இந்த விலைகளைக் கேட்டுக் கேட்டு நம் காது பழகிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூரிலேயே ஐபோன் செய்கிறார்களே, ஏன் விலை இறங்கவில்லை என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அங்கே நடப்பது பெரும்பாலும் பூட்டும் வேலை. சிப் தைவானிலிருந்தும், கேமரா சென்சார் ஜப்பானிலிருந்தும், திரை பெரும்பாலும் கொரியாவிலிருந்தும் வருகின்றன. பூட்டுக்கூலி மொத்த விலையில் சிறு பங்கு. அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. நீ பார்த்து வைத்திருக்கும் கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் விலையில் வரி மட்டும் கிட்டத்தட்ட 19,800 ரூபாய். அந்தத் தொகைக்கு நம் கடைக்கு எதிரே புதிதாக ஒரு போனே கிடைக்கும். அதில் யுபிஐ போகும், வரைபடம் வரும், உன் அலுவலகக் கூட்டத்தில் முகமும் தெரியும்.

அப்படியானால் மீதி ஒரு லட்சத்துக்கு மேல் எதற்குக் கொடுக்கிறோம்? டைட்டானியம் உலோகச் சட்டகத்தை நான் பொருட்படுத்துவதில்லை. வாங்கிய அன்றே அதை ரப்பர் உறைக்குள் போட்டு மூடிவிடுவீர்கள். செயற்கை நுண்ணறிவு என்று விளம்பரத்தில் ஆட்டிக் காட்டுவதில் பாதி மென்பொருளாக அடுத்த வருடம் விலை குறைந்த போனுக்கும் வந்துவிடும். தண்ணீர் புகாது என்பதும் முழு உண்மை இல்லை. ஐபி68 என்ற தரக்குறிக்கு ஒன்றரை மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் அரை மணி நேரம் என்று சாம்சங்கே எழுதிவிட்டு, தண்ணீரால் கெட்டால் வாரண்டி கிடையாது என்றும் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஒருமுறை பின்பக்கத்தைக் கழற்றிவிட்டால் தண்ணீரைத் தடுக்கும் பசையின் பிடி பழையபடி வருவது அரிது.

உண்மையான வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. சேமிப்புச் சிப். விலை குறைந்த பல போன்களில் இஎம்எம்சி என்ற பழைய வகையைப் போடுகிறார்கள். மேல்வகைப் போன்களில் யுஎஃப்எஸ். புதிதில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. இரண்டு வருடம் கழித்து, படமும் வீடியோவும் நிறைந்த பிறகு, பழைய வகை திணறும். "போன் ஹேங் ஆகிறது, பிராசசர் போய்விட்டது" என்று கொண்டுவருகிற போன்களில் பலவற்றுக்கு நோய் அங்கேதான். இதை எந்தக் கடைக்காரரும் உனக்குச் சொல்லமாட்டார், ஏனென்றால் பெட்டியின் முன்பக்கத்தில் அது அச்சாகியிருக்காது. நல்ல வேளையாக, இதற்காக லட்சம் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. இருபத்தைந்து, முப்பதாயிரம் ரூபாய் போன்கள் பலவற்றில் யுஎஃப்எஸ் வந்துவிட்டது.

அடுத்தது கேமரா. நீ இதைத்தான் பெரிதாக எழுதியிருந்தாய், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெட்டியில் 200 மெகாபிக்சல் என்று போட்டிருக்கும். ஆனால் சாதாரணமாக நீ எடுக்கும் படத்தை அந்தக் கேமரா, பதினாறு பதினாறு பிக்சலாக, அதாவது படத்தின் சிறு புள்ளிகளாக, சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் தருகிறது. இதில் மோசடி இல்லை. அவ்வளவு சிறிய பிக்சலுக்கு வெளிச்சம் போதாது, அதனால் சேர்க்கிறார்கள். படம் நன்றாக வருவதற்குக் காரணம் அந்த எண் இல்லை. வெளிச்சத்தை வாங்கும் சென்சார் பெரிது, கை நடுங்கினால் லென்ஸே நகர்ந்து ஈடு செய்கிறது, நீ ஒருமுறை அழுத்தினால் அது பல படங்களை எடுத்து ஒன்றாகக் கலக்கிறது. இரவில், கல்யாண மண்டபத்தில், ஓடுகிற குழந்தையை எடுப்பதில் விலை கூடிய போன் ஜெயிக்கத்தான் செய்யும். பகல் வெளிச்சத்தில் எடுத்து வாட்ஸ்அப்பில் சுருக்கி அனுப்பினால், எது எந்தப் போன் என்று எனக்கே தெரியாது.

இன்னொன்றும் நியாயமாகச் சொல்ல வேண்டும். விலை குறைந்த போன்களில் மூன்று நான்கு கேமராக் கண் வைத்திருப்பார்கள். அதில் இரண்டு, 2 மெகாபிக்சல் அலங்காரம். அதைக் கழற்றிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தால்கூட வாடிக்கையாளருக்குத் தெரியாது. (செய்ததில்லை, பயப்படாதே.) உயர்ந்த போனில் ஒவ்வொரு கண்ணுக்கும் உண்மையான வேலை உண்டு, தொலைவுக்கான லென்ஸ் உட்பட.

ஆனால் உனக்கு வேண்டியது கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்து வரித்தலை வாத்து. அதைக் கரையில் நின்றே எடுக்க வேண்டும். அந்த அல்ட்ரா போனின் ஐந்து மடங்கு லென்ஸ், பெரிய கேமராவின் கணக்கில் 111 மில்லிமீட்டர். பறவைப் படம் எடுப்பவர்கள் தோளில் சுமப்பது 400, 600 மில்லிமீட்டர். நூறு மடங்கு ஜூம் என்று காட்டுவதெல்லாம் படத்தை வெட்டிப் பெரிதாக்கி, மென்பொருளால் பூசி மெழுகுவது. இறகு இருக்கும் இடத்தில் மெழுகுதான் தெரியும். உண்மையாகவே பறவை வேண்டுமென்றால் செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா உடலும் 70-300 மில்லிமீட்டர் லென்ஸும் வாங்கு. முப்பதாயிரத்து சொச்சம் ரூபாய்க்கு ஒரு நடுத்தர போனும் வாங்கிக்கொள். இரண்டுக்கும் சேர்த்து நீ சொன்ன தொகை ஆகாது. எனக்கென்னவோ உனக்குப் பறவையைவிடப் போன் மேல்தான் ஆசை என்று தோன்றுகிறது. ஆசை குற்றமில்லை. அதைப் பறவையின் தலையில் கட்டாதே.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2023-இல் கூகுள் தன் பிக்சல் எட்டுக்கு ஏழு வருட அப்டேட் என்று அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் எஸ்24 வரிசைக்கு அதையே சொன்னது. விலை உயர்ந்த போனுக்குச் சாதகமாக வந்த மிகப் பெரிய மாற்றம் இதுதான் என்பேன். அதற்கு முன்பு, போன் திடமாக இருக்கும்போதே மென்பொருள் நின்றுபோய், வங்கிச் செயலி முரண்டு பிடித்து, நல்ல போனைப் பரணில் போடுவார்கள். ஏழு வருடமும் வைத்திருந்தால் உன் 1,29,999 வருடத்துக்கு 18,600 ரூபாய் போல ஆகிறது. இரண்டே வருடத்தில் மாற்றினால்? பழைய போனுக்கு ஐம்பதாயிரம் கிடைத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், வருடத்துக்கு நாற்பதாயிரம்.

நீ வேலைக்குப் போன பிறகு எந்தப் போனையும் இரண்டு தீபாவளிக்கு மேல் கையில் வைத்திருந்ததில்லை. அதனால்தான் சொல்கிறேன்: இந்தப் போன் இந்த விலை பெறுமா என்பதற்கான விடை கடையில் இல்லை, உன் பழக்கத்தில் இருக்கிறது. கடைசிவரை வைத்திருப்பவருக்கு இது நியாயமான விலையாகலாம். உன்னைப் போல வருடா வருடம் அறிவிப்பு வரும் நாளில் கண் விழித்துப் பார்ப்பவனுக்கு ஆகாது.

நீண்ட கால அப்டேட்டும் இப்போது பெரிய போன்களின் தனிச்சொத்து இல்லை. கேலக்ஸி ஏ16 என்ற, 18,999 ரூபாய்க்கு வந்த போனுக்கே ஆறு வருடம் கொடுத்தார்கள். ஆறாவது வருடம் அந்தச் சிப் என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்தப் போனை வாங்கு என்று உனக்குச் சொல்லமாட்டேன். நடுத்தரத்தில் கொஞ்சம் மேலே பார்.

ஏழு வருடக் கதையில் மென்பொருளைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். என் மேசைக்கு வருவது வன்பொருள். பேட்டரி மூன்று நான்கு வருடத்தில் தளரும். அது பெரிய செலவு இல்லை. திரை உடைந்தால்தான் அழுகை. மேல்வகைப் போனின் திரையைக் கம்பெனி சர்வீஸில் மாற்றச் சொல்லும் தொகைக்குப் புதிதாக ஒரு நடுத்தர போன் வாங்கலாம். வெளியில் மாற்றினால் ஐபோன் தானே "அறியப்படாத பாகம்" என்று எழுதிக் காட்டும். பிறகு விற்கப்போனால் வாங்குகிறவர் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் திறப்பார். கீழே விழாமலே, ஓர் அப்டேட்டுக்குப் பிறகு பச்சைக் கோடு விழுந்து வந்த லட்ச ரூபாய் போன்களையும் பார்த்துவிட்டேன். ஐரோப்பாவில் 2025 ஜூன் முதல் சட்டமே போட்டிருக்கிறார்கள்: பேட்டரி 800 முறை சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதம் தாங்க வேண்டும், முக்கிய உதிரிபாகங்கள் விற்பனை நின்றபின்னும் ஏழு வருடம் கிடைக்க வேண்டும் என்று. நம் ஊருக்கு அப்படி ஒன்று வந்தால் நானே கடை வாசலில் பட்டாசு கொளுத்துவேன்.

தவணைக்கு வருகிறேன், ஏனென்றால் நீ வாங்க நினைப்பது "வட்டியில்லாத் தவணையில்". வட்டியில்லாத கடன் என்று ஒன்று இல்லவே இல்லை என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. இப்போது செய்வது என்ன தெரியுமா? வட்டியளவுக்குத் தள்ளுபடி போல ஒரு பக்கம் குறைத்து, மறுபக்கம் வட்டியாக வாங்கிக்கொள்கிறார்கள். கிரெடிட் கார்டில் எடுத்தால் அந்த வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும் உன் கணக்கில்தான் விழும். ரொக்கம் கொடுப்பவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி உனக்குக் கிடைக்காமலும் போகலாம். இங்கே தீப்பெட்டி ஆலைக்குப் போகிற பையன்கள் பைனான்ஸில் போன் எடுக்கிறார்கள். தவணை தவறிச் சிலரது போனே பூட்டிக்கொண்டிருக்கிறது. "அக்கா, திறந்து கொடுங்கள்" என்று கடையில் வந்து நிற்பார்கள். நான் திறப்பதில்லை, அது சரியும் இல்லை. ஆனால் திருப்பி அனுப்பிய பிறகு அன்று மனம் சரியாக இருப்பதில்லை. உன் நிலைமை அவர்களுடையது போல இல்லை என்று தெரியும். இருந்தாலும் மூச்சு விடுவதற்குள் மதிப்பு இறங்குகிற ஒரு பொருளைக் கடனில் வாங்குவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான்.

மதிப்பு எப்படி இறங்குகிறது என்று பார். எஸ்24 அல்ட்ராவும் வந்தபோது 1,29,999தான். அடுத்த மாடல் வந்த பிறகு, பண்டிகைக்கால விற்பனையில் நாற்பதாயிரத்துக்கு மேல் குறைந்தது. பொங்கல் முடிந்த மறுநாள் கரும்பு விலை போல. கரும்பு அதே கரும்புதான். அதற்குச் சொன்ன அப்டேட்டில் பெரும்பகுதி இன்னும் பாக்கி இருக்கிறது. பெரிய போன்தான் வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தால் அம்மாவின் சம்மதம் இதற்கு மட்டும்: போன வருடத்து மாடல், முழு ரொக்கம், பில்லோடு, குறைந்தது ஐந்து வருடம் மாற்றமாட்டேன் என்ற பேச்சோடு. ஐபோன்தான் வேண்டுமென்றால் புரோ வேண்டாம். 2025-இல் 82,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் பதினேழிலேயே 256 ஜிபி சேமிப்பும், வழுக்கிக்கொண்டு நகரும் 120 ஹெர்ட்ஸ் திரையும் கொடுத்துவிட்டார்கள். புரோ வாங்கிக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு அதற்கு மேல் தேவையே இருந்ததில்லை.

எதை வாங்கினாலும் பைக் ஹேண்டிலில் மாட்டாதே. இன்ஜின் அதிர்வு கேமராவின் நடுக்கம் தாங்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. உன் வண்டியின் சத்தம் எனக்குத் தெரியும்.

இப்போது கையில் இருக்கும் போனுக்கு என்ன குறை என்று நீ எழுதவே இல்லை. மாலைக்குள் சார்ஜ் இறங்குகிறது என்று ஒருநாள் சொன்ன ஞாபகம். அது பேட்டரிதான். எக்ஸ்சேஞ்சில் தூக்கிக் கொடுத்துவிடாதே, அடிமாட்டு விலை போடுவார்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது படங்களை எல்லாம் பேக்கப் எடுத்துவிட்டுக் கொண்டுவா. எந்த மாடல் என்று இப்போதே எழுது, பேட்டரியை முன்கூட்டியே வரவழைத்து வைக்கிறேன். மாற்றிய பிறகு ஒரு மாதம் ஓட்டிப் பார். அதற்குப் பிறகும் அந்தப் போன் வேண்டுமென்று தோன்றினால் எனக்குக் கூப்பிடு, அப்பாவிடம் வேண்டாம்.

அன்புடன்,
அம்மா
கோவில்பட்டி