பர்லியார் பெண்கள் கழிப்பறையைத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
பர்லியார் சாலையோரத்தில் பழம் விற்கும் பெண்கள்

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்

பொருள்: பழப்பண்ணை நிறுத்தம் அருகே பூட்டிக் கிடக்கும் பெண்கள் கழிப்பறையைத் திறப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். பர்லியார் தங்களுக்குத் தெரிந்த இடம்தான். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த தாமஸ் துரை சொந்தத் தோட்டமாகப் போட்டதை 1871-ல் அரசு வாங்கிப் பண்ணையாக்கியது. ஆற்றோரத்து ஈரத்தில் மங்குஸ்தானும் துரியனும் ஜாதிக்காயும் இன்றும் காய்க்கின்றன. அந்தப் பெயருக்காகத்தான் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுகிற வண்டிகள் இங்கே நிற்கின்றன, எங்கள் வீட்டில் அடுப்பு எரிகிறது. பண்ணைமேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

1. கழிப்பறை கட்டிய பிறகும் பூட்டுப் போட்டே கிடக்கிறது. சாவி யாரிடம் என்று கேட்டால் ஒருவர் இன்னொருவரைக் கை காட்டுகிறார்.

2. விடிந்ததும் கடை போட்டால் இருட்டும்வரை உட்கார்ந்திருக்கிறோம். அதனால் தண்ணீர் குடிப்பதில்லை. தாகம் எடுத்தால் வாயை நனைத்துக்கொள்வதோடு சரி. நீர்க்கடுப்பு வராத பெண் எங்களில் இல்லை. மாதவிலக்கு நாட்களில் பாதிப் பேர் கடையே போடுவதில்லை, அந்த வருமானமும் போகிறது. அடக்க முடியாவிட்டால் புதருக்குள் போகவேண்டும். பலா பழுக்கும் மாதங்களில் அங்கே யானை நிற்கும். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி சாலையில் நின்று குரல் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஐயா, ஒன்றுக்குப் போவதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டுமா? தங்கள் வீட்டுப் பெண்கள் என்றால் இத்தனை நாள் விடுவீர்களா? வண்டியை நிறுத்திப் பழம் வாங்கும் அம்மாக்கள், "பாத்ரூம் எங்கேங்க?" என்று எங்களைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

3. தண்ணீர் இணைப்பு இல்லை என்றார்கள். பக்கத்திலேயே ஆறு ஓடுகிறது.

4. திறந்துவிடுங்கள் ஐயா. கூட்டிக் கழுவுவதை நாங்களே முறை வைத்துச் செய்துகொள்கிறோம்.

ஜூனில் மங்குஸ்தான் சீசன் ஆரம்பித்துவிடும், கூட்டமும் கூடிவிடும். அதற்குள் ஒரு குழாயும் ஒரு விளக்கும் போட்டு, பூட்டைத் திறந்துவிடும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். 'பரிசீலிக்கிறோம்' என்ற பதில் மட்டும் வேண்டாம். சாவியைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
பர்லியார் பழ வியாபாரப் பெண்கள்
(கையெழுத்தும் கைநாட்டும் பின்பக்கம்)