உதிர்ந்ததை மாலைவரை விட்டுவையுங்கள்

தமிழ்நாட்டுத் தாவரவியல் பூங்காக்களைப் பராமரிக்கும் தோட்டக்கலை அலுவலர்களுக்கும், விடிவதற்குள் துடைப்பத்தோடு வந்துவிடும் பூங்கா ஊழியர்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பூ உதிர்க்கும் மரங்கள் சிலவற்றின் அடியில் காலையில் கூட்டாதீர்கள். மாலையில் கூட்டிக்கொள்ளுங்கள்.

பூங்கா குப்பையாகக் கிடக்கிறது என்று மனு கொடுப்பவர்களைத்தான் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கூட்ட வேண்டாம் என்று எழுதுகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நான் பூங்காவுக்குப் போவது இரண்டு வயதுப் பேத்தியோடு. அவள் இன்னும் மூன்றடி உயரம் வரவில்லை. நாம் அண்ணாந்து பார்த்து "அடேயப்பா" என்கிற மரம் அவளுக்கு ஒரு சுவர், அவ்வளவுதான். வேர் எந்த இடத்தில் மண்ணுக்குள் போகிறது, பட்டை இடுக்கில் எறும்பு எங்கே ஏறுகிறது, கீழே என்ன கிடக்கிறது, அவளுடைய பூங்கா இதுதான்.

ஊட்டி பூங்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1848-ல் தோட்டக்கலைஞர் மெக்ஐவர் வந்து தொட்டபெட்டாச் சரிவில் வடிவமைக்கத் தொடங்கிய தோட்டம், ஏறத்தாழ 22 ஹெக்டேர். பெரியவர்கள் இத்தாலியத் தோட்டத்தைப் பார்க்கிறார்கள், கண்ணாடி மாளிகைக்குப் போகிறார்கள், இரண்டு கோடி ஆண்டுப் பழசு என்று சொல்லப்படும், கல்லாகிப்போன மரத்தண்டான கல்மரத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்கு இரண்டு கோடி ஆண்டும் நேற்றும் ஒன்றுதான். அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் கிடக்கும் தைல மரத்துக் காய் ஒன்றை அதன் கையில் கொடுத்துப் பாருங்கள். குட்டிப் பம்பரம் மாதிரி இருக்கும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துவிட்டு மூக்கருகே கொண்டுபோனால் பிள்ளை ஒரு நொடி மூச்சை நிறுத்திவிட்டு, திரும்பவும் கையை நீட்டும். அப்புறம் கல்மரமாவது மண்ணாவது.

சமவெளிப் பூங்கா ஒன்றில் மகிழ மரத்தடியில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மகிழம்பூ வாடினாலும் மணம் போகாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உதிரும்போது நடுவில் ஓட்டையோடு, வளையம் போலத்தான் விழும். ஊசி வேண்டாம், ஈர்க்குச்சி இருந்தால் போதும், கோத்துவிடலாம். நான் கோத்துக் கொடுக்க, அவள் ஒவ்வொன்றாக உருவிப் போட்டுவிட்டு மறுபடி கோக்கச் சொன்னாள். பூ உருண்டு போனால் குந்தியபடியே தத்தித் தத்திப் பின்னால் போனாள். விசில் கேட்டது. பூப்பறிக்கக் கூடாது என்றார் காவலர். பறிக்கவில்லை, பொறுக்குகிறோம் என்றேன். எல்லாம் ஒன்றுதான் என்றார். பறித்தால் செடிக்கு நட்டம். பொறுக்கினால் குப்பை வண்டிக்குத்தானே நட்டம்? அவரை நான் குறை சொல்லவில்லை. அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான்.

மகிழமும் பவளமல்லியும் பூ உதிர்ப்பது இரவிலும் விடியற்காலையிலும். நீங்கள் கூட்டுவது வாசலைத் திறப்பதற்கு முன்னால். ஆக, ஒரு நாளில் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய மிக நல்ல சாமான் அத்தனையும் முதல் பிள்ளை உள்ளே வருவதற்குள் உரக்குழிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் மாலைக்கு மாற்றச் சொல்கிறேன். சருகு தேங்கினால் பாம்பும் தேளும் வரும் என்பீர்கள். நியாயம். தினமும் மாலையில் அள்ளிவிட்டால் தேங்க வழியில்லை.

சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859-ல் தொடங்கியது, 2015-ல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் ஏறியது. அந்தப் பூங்காவுக்குள்ளேயே 2007-ல் பிள்ளைகளுக்கென்று ஜேக்கப் பாலஸ் தோட்டத்தைத் திறந்தார்கள். பிள்ளை கூட இல்லாமல் போகும் பெரியவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. படிக்கும்போதே சிரிப்பு வந்தது. நம் ஊரில் பெரும்பாலும் நேர்மாறு. ஆனால் அப்படி ஒன்றைக் கட்டித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. டெண்டர், திறப்பு விழா, பெயர்ப்பலகை என்று ஆரம்பித்தால் பேத்தி கல்லூரிக்குப் போய்விடுவாள். துடைப்பத்தை எடுக்கும் நேரத்தை மாற்ற எந்த அரசாணையும் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

பிள்ளை கையில் எடுத்தது அடுத்த நொடி வாய்க்குப் போகும், அதுவும் உண்மை. பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள். கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு வர வேண்டியதும் நாங்கள்தான். ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும் என்பதை நீங்கள் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். உங்கள் பலகைகளில் தாவரவியல் பெயர் இருக்கிறது, குடும்பம் இருக்கிறது, தாயகம் பிரேசில் என்று இருக்கிறது. அரளியின் பக்கத்தில், இதன் இலை, பூ, தண்டு எல்லாமே நஞ்சு என்று ஒரு வரியை நான் பார்த்ததில்லை. மஞ்சள் அரளிக் கொட்டை உயிரையே எடுக்கும். குன்றிமணி பார்க்க மிட்டாய் போல இருக்கும், மென்றுவிட்டால் ஆபத்து. ஊமத்தையும், மலைத் தோட்டங்களில் தலைகீழாகத் தொங்கும் அதன் உறவுக்காரப் பெரிய எக்காளப் பூவும் அப்படித்தான். இவற்றுக்கெல்லாம் பெரிதாக ஒரு சிவப்புப் பொட்டு வையுங்கள். எல்லாச் செடிக்கும் பொதுவாக "தொடாதீர்கள்" என்று எழுதிவைத்தால் யாரும் எதையும் நம்புவதில்லை. முடிந்தால், தொட்டே ஆக வேண்டிய தொட்டாற்சுருங்கிக்கு வாசலருகே ஒரு பாத்தி ஒதுக்குங்கள்.

கழிப்பறையில் குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு மேடை வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். அதை விளக்க வேண்டியதில்லை.

எந்த மரங்களைத் தேர்ந்தெடுப்பது என்பதை உங்கள் ஊழியர்களிடமே விட்டுவிடலாம். எது எப்போது உதிர்க்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. மகிழம், பவளமல்லி என்று தொடங்கி, முறுக்கிக்கொண்டே இறங்கும் மகோகனி விதை வரைக்கும் போகலாம். நாகலிங்கத்தை மட்டும் பட்டியலில் சேர்க்காதீர்கள். அந்தக் காய் தலையில் விழுந்தால் பெரியவர்களே தாங்கமாட்டார்கள். அதன் பூவை மட்டும் பொறுக்கி, நுழைவுச்சீட்டு கொடுக்கும் இடத்தில் ஒரு தாம்பாளத்தில் வைத்தால் போதும், வரிசையில் நிற்கும்போது பிள்ளைகள் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
அடிக்கடி வந்து போகும் ஒரு தாத்தா