மழை நாளில் இறங்காதே

அன்பு மகள் உமையாளுக்கு அப்பச்சி எழுதுவது. நானும் ஆத்தாவும் நலம்.

முதலில் ஒன்று. மேலே மழை பெய்தால் குகைக்குள் இறங்காதே. நீ இருக்கிற போர்னியோத் தீவின் முலுவில் வருஷத்துக்கு ஐந்து மீட்டர் மழை என்று நீதான் சொன்னாய். நம் பக்கம் அதில் ஐந்தில் ஒரு பங்கு பெய்தாலே ஊருணி நிறைந்தது என்று சந்தோஷப்படுகிறோம். அங்கே அத்தனை தண்ணீரும் சுண்ணாம்புப் பாறைக்குள்தானே இறங்கியாக வேண்டும்?

நீ அனுப்பியதை எல்லாம் படித்துவிட்டேன். 20,000 வருஷத்துக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல் 120 மீட்டர் போலக் கீழே கிடந்ததாம், போர்னியோ தீவாகவே இல்லையாம், மலாயாவோடு ஒட்டிய தரையாம். பினாங்குக்குக் கப்பலேறி வழியெல்லாம் வாந்தி எடுத்த நம் ஐயா இதைக் கேட்டிருந்தால், கொஞ்சம் முந்திப் பிறந்திருக்கலாம் என்றிருப்பார். மலை மெல்ல உயர உயர ஆறு கீழே புதுக் குகை குடைந்துகொண்டே போக, பழைய குகைகள் மேலே காய்ந்து நிற்கின்றன என்பதும் புரிந்தது. முலுவின் ஆபி மலையில் 45 மீட்டர் உயரத்துக்கு ஊசி ஊசியாக நிற்கும் பாறைகளும் மழை கரைத்த மிச்சம்தான். குகைத் தரையில் சொட்டுச் சொட்டாக வளர்ந்த கல்லை அறுத்து, யுரேனியம் எவ்வளவு தோரியமாக மாறியிருக்கிறது என்று பார்த்து வயது சொல்கிறீர்கள். அந்த அடுக்கில் உள்ள ஆக்சிஜன், அன்றைக்கு மழை கூடவா குறைவா என்று காட்டிவிடுகிறது. வட அட்லாண்டிக்கில் பனிப்பாறை உடைந்து மிதந்த காலத்தில் போர்னியோவில் மழை குறைந்ததுகூடத் தெரிகிறதாமே! செட்டியார் வீட்டுப் பெண் படிக்கிற கணக்கு இது என்று கோயிலில் நாலு பேரிடம் சொன்னேன். அவளுக்கு வீட்டுக்குப் பேச நேரமில்லை என்பதைச் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டில் மச்சு ஒழுகும் மூலையில், சுண்ணாம்புச் சாந்திலிருந்து வெள்ளையாக ஒரு குச்சி தொங்குகிறது. விரல் நீளம், உள்ளே துளை, நுனியில் எப்போதும் ஒரு சொட்டு. கொத்தனார் சுரண்டப் பார்த்தார். என் மகள் வந்து பார்க்கட்டும் என்று தடுத்துவிட்டேன்.

பிள்ளையார் நோன்புக்குப் பேசியதோடு சரி, மாப்பிள்ளை அப்புறம் பேசவில்லை. வேலை இருக்கும். நீ அனுப்பும் படங்களிலும் கூட வேலை செய்கிறவர்கள்தான் இருக்கிறார்கள். எல்லோரும் தலைக்கவசம் போட்டிருக்கிறார்கள், உன்னுடையது மட்டும் கையில் இருக்கிறது. போட்டுக்கொள். மழை என்றால் இறங்காதே.

சின்ன மாமா மகன் மாதக் கடைசியில் கோலாலம்பூர் வருகிறான். சீப்புச் சீடையும் மகிழம்பூ முறுக்கும் கொடுத்துவிடுகிறோம். உனக்கு ஒரு டப்பா போதுமா, மாப்பிள்ளைக்குத் தனியாக ஒன்று வேண்டுமா என்று ஆத்தா கேட்கிறாள். ஒன்று போதும் என்றாலும் இங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு, அன்றைக்குத்தான் மாவு இடிக்கிறார்கள்.

அப்பச்சி