வழிச்செலவுக் கணக்கு

லெஸ்டர், இங்கிலாந்து
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் நலமா? தோட்டத்தில் தீபாவளி முற்பணம் இம்முறை நேரத்தோடு கிடைத்துவிட்டதாக அம்மா சொன்னார். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மலைநாட்டுத் தலவாக்கலையின் மார்கழி பழகிய உடம்புக்கு அது பெரிய காரியமில்லை. இன்னும் சில வாரங்களில் மாலை நான்கரை மணிக்கே இருட்டிவிடும் என்பதுதான் எனக்கு இன்னும் பழகவில்லை.

தங்கச்சியை இங்கே படிக்க அனுப்புவது பற்றிப் போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியது கோபத்தில் முடிந்ததால், சொல்ல நினைத்ததை நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதை உங்களுக்கு வாசித்துக் காட்டப் போகிறவள் தங்கச்சிதான் என்று எனக்குத் தெரியும். தன்னைப் பற்றிய வரிகளை விழுங்கிவிடாமல் அவள் முழுவதையும் வாசிக்க வேண்டும். அவளுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்ன கணக்கை ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். ஹட்டனில் இருக்கும் அந்த வெளிநாட்டுக் கல்வி முகவர் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்கு 14,000 பவுண் என்கிறார். மூன்றாண்டுப் பட்டத்துக்கு 42,000 பவுண். ஒரு பவுண் 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடியே 68 இலட்சம் ரூபாய். தோட்டத்து நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஆகவே தங்கச்சியின் கட்டணம் மட்டும் 12,444 பேர், அதாவது 12,444 நாள் வேலை. ஆண்டுக்கு 300 பேர் தவறாமல் விழுந்தாலும் அதற்கு நாற்பத்தோரு வருடம் ஆகும். நீங்கள் தோட்டத்துச் செக்ரோலில் (வேலையாட்கள் பதிவேட்டில்) பேர் பதிந்த நாளிலிருந்து வரும் தையோடு வேலை முடியும் வரைக்குமான காலம் ஏறத்தாழ அவ்வளவுதான், அதுவும் நடுவில் ஒரு கொத்து அரிசிகூட வாங்காமல் இருந்திருந்தால். உங்கள் சேமலாப நிதியையும் அம்மாவிடம் மிச்சமிருக்கும் நகையையும் சேர்த்தாலும் முதலாம் ஆண்டுக் கட்டணத்துக்கே போதாது. மிச்சத்தை அவள் இங்கே வேலை செய்து கட்டிக்கொள்வாள் என்று முகவர் சொல்கிறார். மாணவ விசாவில் பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலந்தான் வேலை செய்யலாம். தங்கச்சியின் வயதுக்குச் சட்டப்படியான குறைந்த சம்பளம் மணிக்கு 10 பவுண். வாரத்துக்கு 200 பவுண். அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் போனால் கட்டணத்துக்கென்று எடுத்துவைக்க ஒன்றும் மிஞ்சாது. இது நான் செய்து பார்த்த கணக்கு.

"அங்கே எல்லாப் பிள்ளைகளும் கடன் எடுத்துத்தான் படிக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?" என்று முகவர் கேட்டதாகச் சொன்னீர்கள். இந்த இடத்தில்தான் அவர் உங்களை ஏமாற்றுகிறார், அல்லது அவருக்கே வித்தியாசம் தெரியவில்லை. இங்குள்ள பிள்ளைகள் கடன் எடுப்பது உண்மைதான். 1998 வரை இந்த நாட்டிலும் பல்கலைக்கழகம் இலவசமாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு 1,000 பவுண் கட்டணம் வைத்தார்கள், 2006இல் அது 3,000 ஆனது, 2012இல் 9,000, இந்த ஆண்டிலிருந்து 9,535. இதைக் கையிலிருந்து கட்டுகிறவர்கள் மிகக் குறைவு. அரசாங்கத்தின் கடன் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது. ஆனால் அந்தக் கடனின் சுபாவம் நாம் அறிந்த கடனின் சுபாவம் அல்ல.

என்னோடு முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்யும் ஓர் ஆங்கிலேயப் பெண் வரலாற்றுப் பட்டதாரி. போன மாதம், விடிகாலை மூன்று மணிக்கு, சமையலறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவர் தன் சம்பளச் சீட்டைத் தொலைபேசியில் திறந்து காட்டினார். (தேநீர் என்று நான் எழுதுவது வழக்கத்துக்காக, உங்கள் தேயிலை ஸ்டோரில் கூட்டி ஒதுக்கும் தூளைப் பையில் அடைத்துத் தருகிறார்கள்.) மாதச் சம்பளம் 2,500 பவுண். வருமான வரி, தேசிய காப்புறுதி என்று வரிசையாகக் கழித்து, அவற்றுக்குக் கீழே மாணவர் கடன் என்று ஒரு வரி இருந்தது. அதில் கழித்திருந்தது வெறும் 11 பவுண். அவருடைய மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். படிப்பு முடிந்தபோது 48,000 பவுணாக இருந்தது வட்டி ஏறி இப்போது 57,000 ஆகிவிட்டதாம். இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்கு வயிறு கலங்கியது, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். அவர் படித்த காலத்துக் கடனில், ஆண்டுச் சம்பளம் 28,470 பவுணைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகையில் மட்டும் நூற்றுக்கு 9 வீதம் கழிப்பார்கள். தாண்டாவிட்டால் ஒரு சதமும் கேட்க மாட்டார்கள். வேலை போனால் கழிவும் நின்றுவிடும். 30 ஆண்டுகளில் கட்டி முடியாதது தள்ளுபடி. ஆள் இறந்துவிட்டாலும் அதோடு தீர்ந்தது, பெற்றோரின் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. 2023 ஓகஸ்டிலிருந்து சேர்ந்தவர்களுக்கு இதை இறுக்கி, எல்லையை 25,000 பவுணாகவும் காலத்தை 40 ஆண்டாகவும் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் வேலை செய்யும் காலம் முழுவதும் கட்டத்தான் போகிறார்கள், அவர்களுக்குக் குறை உண்டு, அந்தக் குறை நியாயமானது. ஆனாலும் அது சம்பாதிக்கும் வரை காத்திருக்கும் கடன். பட்டம் கைகொடுக்காமல் போனால் நட்டத்தின் பெரும்பங்கு அரசாங்கத்தின் தலையில் விழுகிறது. வெளிநாட்டிலிருந்து மாணவ விசாவில் வருகிறவருக்கு அந்தக் கடனில் ஒரு பவுண்கூடக் கிடையாது.

நம் கடன் எப்படிப்பட்டது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, என்றாலும் தங்கச்சிக்கு முழுவதும் தெரியாது. இங்கே முதுமாணிப் படிப்புக்கு வர 2021இல் நான் கடனுக்காக ஏறி இறங்கிய வங்கிகளில் எல்லாம் முதலில் கேட்டது வீட்டு உறுதிப் பத்திரத்தை. தோட்டத்துக்குச் சொந்தமான லயத்துக் காம்பராவுக்கு ஏது உறுதி? நாலு தலைமுறை குடியிருந்தும் நம் பேரில் ஒரு பேர்ச் நிலம் இல்லை. அரச உத்தியோகத்தில் இருக்கும் இரண்டு பிணையாளர்களைக் கொண்டுவரச் சொன்னார்கள். நம் உறவில் அப்படி ஆசிரியர் மாமா ஒருவர்தான் இருந்தார். ஆகவே அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக்குப் போயின, மிச்சம் கடை முதலாளியிடம் மாத வட்டிக்கு வாங்கப்பட்டது. கட்டணத்தின் முதற் பாதியான 7,000 பவுணை அந்த ஆண்டு நவம்பரில் கட்டியபோது பவுண் 270 ரூபாய். 19 இலட்சம் ஆயிற்று. இரண்டாம் பாதியை 2022 ஜூனில் கட்ட வேண்டி வந்தபோது பவுண் 440 ரூபாய்க்குப் போயிருந்தது, அதே 7,000 பவுணுக்கு 31 இலட்சம். அந்த ஏப்ரலில் மத்திய வங்கி ஒரே நாளில் வட்டியை 7 வீதப் புள்ளிகளால் உயர்த்தியதும் அடகுக் கடை வட்டியும் ஏறியது. அந்த வருடம் நீங்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கொந்தரப்பு வேலைக்குப் போய் வட்டி கட்டியதை அம்மா எனக்கு ஒன்றரை வருடம் கழித்துத்தான் சொன்னார்.

ரூபாய் விழுந்ததால்தான் பின்னால் நான் அனுப்பிய பவுண் பெருகி, கடை முதலாளியின் கடன் விரைவில் தீர்ந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அது என் சாமர்த்தியம் அல்ல. நாடு விழுந்த விதத்தில் எனக்கு அடித்த அதிர்ஷ்டம். இன்னொரு முறை அப்படி நடக்கும் என்று எண்ணி ஒரு பிள்ளையைக் கடலில் இறக்க முடியாது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் நூலகத்தில் 'துண்டு' முறையைப் பற்றி வாசித்துவிட்டு உங்களிடம் கேட்டது நினைவிருக்கிறதா? கங்காணி ஆட்களைக் கூட்டி வரும்போது கொடுத்த முற்பணமும் வழிச்செலவும் அவர்கள் தோட்டத்தில் காலெடுத்து வைக்கும் முன்பே அவர்கள் பேரில் கடனாக ஏறிவிடும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு வேண்டும், அதுதான் துண்டு. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கொடுத்து ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் ஆளோடு சேர்ந்து மலையேறும். 1921இல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். உங்கள் தாத்தா துண்டில் வந்தவர் என்று நீங்கள் அன்று சாதாரணமாகச் சொன்னீர்கள். லெஸ்டரில் முதல் வருடம், களஞ்சியத்தில் பெட்டி அடுக்கிவிட்டு இரவு பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அது எனக்கு அடிக்கடி நினைவுக்கு வந்தது. நானும் என் பேரில் வழிச்செலவு எழுதப்பட்டுத்தானே கடல் கடந்தேன்.

அப்படியானால் படிப்பு வேண்டாமா என்று நீங்கள் கேட்பீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. 2020இல் இங்குள்ள நிதிக் கற்கைகளுக்கான நிறுவனம் ஓர் ஆய்வை வெளியிட்டது: வாழ்நாள் கணக்கில் பார்த்தால் பட்டம் பெற்றவர்களில் ஐந்தில் நால்வருக்கு அதனால் இலாபம், ஐந்தில் ஒருவர் போகாமலே இருந்திருந்தால் பண அளவில் நன்றாக இருந்திருப்பார். மருத்துவத்துக்கும் பொருளியலுக்கும் பெரிய வரவு, படைப்புக் கலைகளுக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒன்றுமில்லை. அதுவும் உள்ளூர்க் கட்டணமும் காத்திருக்கும் கடனும் இருப்பவர்களுக்கான கணக்கு. நம் கடன் முதல் மாதத்திலேயே வட்டி கேட்கும். அந்த ஐந்தாவது ஆளாக இருக்க நமக்கு வசதி கிடையாது.

என்னிடம் இரண்டு பட்டங்கள் இருக்கின்றன. பேராதனையில் நான்கு வருடம் படித்ததற்கு நாம் கட்டியது விடுதிக் காசும் ரயில் காசும்தான். மாதம் 5,000 ரூபாய் மகாபொல புலமைப்பரிசில் வேறு கிடைத்தது. அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945இல் கொண்டுவந்த இலவசக் கல்வி தோட்டப் பாடசாலைகளை எட்ட எழுபதுகள் வரை ஆயிற்று, அதனால்தான் நீங்கள் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினீர்கள். ஆனால் எட்டிய பிறகு அது என்னைப் பேராதனை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்தப் பட்டத்தால் எனக்கு ஓர் அரச நியமனமும் கிடைத்தது. மாதம் 20,000 ரூபாய் பயிலுனர் கொடுப்பனவு போதாது என்று அதை விட்டுவிட்டு வந்தது என் அவசரம். அந்தப் பழி உங்களுக்கு இல்லை. அரைக் கோடி ரூபாய் கொடுத்து இங்கே வாங்கிய முதுமாணிப் பட்டத்தை இதுவரை எவரும் கேட்டதில்லை. முதியோர் இல்லத்தில் கேட்டது பொலிஸ் சான்றிதழையும், கட்டிலிலிருந்து ஆளைத் தூக்கும் இயந்திரத்தைப் பிடிக்கத் தெரியுமா என்பதையும். அதை இரண்டு நாளில் கற்றுத் தந்தார்கள்.

தங்கச்சிக்கு அந்த வழியும் இப்போது இல்லை. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை இந்த ஜூலையில் நிறுத்திவிட்டார்கள். படிப்பு முடிந்தபின் இரண்டு ஆண்டு தங்கி வேலை தேடும் விசாவை 18 மாதமாகக் குறைக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்திருக்கிறது. அதன்பிறகும் தங்க வேண்டுமானால், பொதுவாக ஆண்டுக்கு 41,700 பவுண், புதிதாகப் படித்து முடித்தவருக்குக் குறைந்தது 33,400 பவுண் தரும் வேலை வேண்டும். ஆறு வருடம் பட்டத்தோடு வேலை செய்யும் என் தோழியே வாங்குவது 30,000. இவற்றை முகவர் உங்களிடம் சொல்லவில்லை என்றால் ஏன் சொல்லவில்லை என்று கேளுங்கள்.

அவளுடைய உயர்தரப் பெறுபேறு பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் குறைவுதான், ஆனால் கெட்ட பெறுபேறு அல்ல. பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பம் கோரும்போது போடட்டும். வீட்டிலிருந்து ஒரு பஸ் தூரம், பயிற்சி முடிந்தால் ஆசிரியர் நியமனம். இன்னொரு முறை உயர்தரம் எழுத ஆசைப்பட்டால் கண்டியில் தங்கி டியூஷனுக்குப் போகும் செலவு முழுவதும் என்னுடையது. இரண்டும் சரிவராவிட்டால் உள்ளூர்த் தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்க 2017இல் தொடங்கிய வட்டியில்லா மாணவர் கடன் இருக்கிறது. வட்டியை அரசாங்கம் கட்டும், முதலை நாம் கட்டினால் போதும். ஆசிரியர் வேலை சிறியது என்று அவள் நினைத்தால், 2021இல் எனக்கு வங்கியில் பிணை நிற்கக்கூடியவராக நம் உறவில் யார் இருந்தார் என்பதை மேலே திரும்ப வாசிக்கட்டும்.

சேமலாப நிதிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டாலும், வரும் காசை உங்கள் பேரிலேயே வங்கியில் போடுங்கள். அம்மாவின் தோட்டை மீட்பதற்கான கடைசித் தொகையை வெள்ளிக்கிழமை அனுப்பியிருக்கிறேன். முகவருக்கு முற்பணமாகக் கொடுத்த ஐம்பதாயிரத்தைத் திருப்பிக் கேட்க ஆசிரியர் மாமாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். அன்று காசு வாங்கும்போது அவர் துண்டு ஏதும் எழுதித் தந்தாரா? தந்திருந்தால் தங்கச்சியைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்