துக்கத்தில் உடனிருந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு,

என் கணவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து 11 மாதங்கள் ஆகின்றன. அடக்க ஆராதனைக்கு வந்தவர்களுக்கு அப்போதே நன்றி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அன்று யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள் என்பது எதுவும் என் மனத்தில் தங்கவில்லை. தங்கியவை எல்லாம் அதற்குப் பிந்தைய நாட்களே. அவற்றுக்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

முதலில் எங்கள் போதகர் ஐயா அவர்களுக்கு. இரண்டாம் வாரத்தில் அவர் வீட்டிற்கு வந்தபோது, என்னால் ஜெபிக்க முடியவில்லை என்றும், ஜெபிக்க விருப்பமும் இல்லை என்றும் சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கண்டிக்கவில்லை. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பிய எலியா தீர்க்கதரிசியிடம் வந்த தேவதூதன் உபதேசம் எதுவும் செய்யாமல், இருமுறை தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னதையும், "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கர்த்தருடைய கேள்வி 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்த பிறகே வந்ததையும் நினைவூட்டி, "நீங்கள் இப்போது தூங்குங்கள், ஜெபத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிட்டுச் சென்றார். அன்றிரவுதான் நான் முதன்முதலாக அயர்ந்து தூங்கினேன்.

ஐயா சொன்னதை மெய்யாகவே செய்தவர்கள் பெண்கள் ஜெபக்குழுவைச் சேர்ந்த அக்காமார் இருவர். வியாழக்கிழமைதோறும் வந்து, வேதத்திலுள்ள பாடல்களான சங்கீதங்களில் ஒன்றை வாசித்து, சிறிது நேரம் அமர்ந்திருந்துவிட்டுப் போவார்கள். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல் என்பதை, சிறுவயது முதல் வேதம் வாசித்துவந்த நான் அந்த வியாழக்கிழமைகளில்தான் உணர்ந்தேன். ஒருநாள் வாசித்தது 88ஆம் சங்கீதம். மற்றப் புலம்பல்களில் பெரும்பாலும் இறுதியில் ஒரு நம்பிக்கை வசனமாவது வரும். இதில் அதுவும் இல்லை. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று அப்படியே நின்றுவிடுகிறது. கடவுளிடம் இப்படிக்கூடப் பேசலாம் என்றும், அப்பேச்சையும் அவர் தம் வேதத்தில் இடம்பெறச் செய்திருக்கிறார் என்றும் அறிந்தபோது, கோபத்தை மறைத்துக்கொண்டு அவர்முன் நிற்க வேண்டிய தேவை எனக்கு இல்லாமற்போயிற்று. அதே வேளையில் என் எதிரே அறிமுகமானவர்கள் இருவர் மறைந்துபோகாமல் அமர்ந்திருந்தார்கள். என் விசுவாசம் திரும்பிய இடம் எதுவென்று கேட்டால், அந்த அறையைத்தான் சொல்வேன்.

பெரிய துயரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த நான், சமையலறைக் குழாய் ஒழுகியதற்காக ஒருநாள் தரையில் உட்கார்ந்து அழுதேன். குழாயைப் பழுதுபார்ப்பது என் கணவரின் வேலை. கணக்கு வழக்கும் அவருடையதே. வங்கியில் எந்தப் படிவத்தில் எங்கே கையொப்பமிட வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆலயத்துக்கு வரும் வழக்கமில்லாத பக்கத்து வீட்டுத் தம்பி அந்தக் குழாயைச் சரிசெய்து கொடுத்தார். சபையின் மூத்த சகோதரர் ஒருவர் வங்கிக்கு 4 முறை என்னோடு வந்து, ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் காத்திருந்தார். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" என்ற ஆண்டவருடைய வார்த்தையை, கவலைப்படாதே என்ற புத்திமதியாகவே அதுவரை கேட்டிருந்தேன். ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாடு உண்டு என்று அவரே ஒப்புக்கொள்வதும், அன்றைய பாட்டுக்கு மேல் அவர் என்னிடம் எதிர்பார்க்கவில்லை என்பதும் அந்த வாக்கியத்தில் இருப்பதை வங்கியின் காத்திருப்பு நாற்காலியில் அமர்ந்துதான் கண்டேன்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன். கர்த்தர் என் கணவரை மிகவும் நேசித்ததால் எடுத்துக்கொண்டார் என்று சிலர் சொன்னது எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை. அன்பினால் சொன்னார்கள் என்பதை அறிவேன். அந்த அன்புக்கு நன்றி. ஆனால் இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில், அவனை எழுப்பப்போவது தமக்குத் தெரிந்திருந்தும், இயேசு கண்ணீர் விட்டார். "நீர் இங்கேயிருந்தீரானால்" என்று லாசருவின் சகோதரிகள் இருவரும் ஒரே குறையைச் சொன்னபோதும் அவர் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. உயிர்த்தெழுதலை நான் விசுவாசிக்கிறேன். ஆனாலும், அதற்கு முன்பாக அழுவதற்கு எனக்கு அவர் இடம் தருகிறார் என்பதே இந்த 11 மாதங்களில் என்னை அவரிடம் சேர்த்து வைத்திருக்கிறது.

தொலைபேசியில் அழைத்து என் பதில் கிடைக்காதவர்கள் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் குறுஞ்செய்திகளை இப்போதுதான் ஒவ்வொன்றாக வாசித்துவருகிறேன்.

அடக்க நாளன்று யாரோ விட்டுச்சென்ற கறுப்புக் குடை ஒன்று எங்கள் வாசற்கதவின் பின்னால் இன்னும் தொங்குகிறது. உரியவர் வந்து பெற்றுக்கொண்டால், அன்று சொல்லாமல் விட்ட நன்றியை நேரில் சொல்வேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி