63 பிரஷ்களும் ஒரு தாத்தாவும்

அன்புள்ள எல்லோருக்கும்,

இன்று மாலைதான் கடைசிப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினேன். விரலெல்லாம் டேப்பின் பிசுபிசுப்பு. கழுவிவிட்டு நாளைக்கு எழுதலாம் என்றால், நாளைக்கு யோசித்து யோசித்து எழுதிவிடுவேன். அதனால் இப்போதே.

பள்ளிக்குள் தண்ணீர் புகுந்த அந்த ராத்திரியைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, நீங்கள் எல்லோரும் பார்த்ததுதான். மறுநாள் காலை செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓவிய அறை வாசலில் நின்று, "கண்காட்சியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவள் நான்தான். நல்லவேளை, ஒருவரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நனைந்த படங்களைப் பழைய துணிகளுக்கு நடுவில் வைத்து ஒற்றி ஒற்றி எடுத்த அம்மாக்கள், ஒரு பக்கம் அச்சான தாள்களைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்த அப்பாக்கள், அட்டைப்பெட்டிகளைப் பிரித்துப் படம் ஒட்டப் பலகை செய்து தந்த பெரிய வகுப்புப் பிள்ளைகள், தன் கணக்குப் பீரியடை விட்டுக்கொடுத்த ஆசிரியை (அதுவும் பரீட்சைக்கு முந்தைய வாரத்தில்!), "இந்தப் பருவத்துக்கு ஓவியப் பீரியடை எடுத்துவிடலாமே" என்ற யோசனைக்கு ஒரே சொல்லில் "கூடாது" என்ற தலைமையாசிரியர்... உங்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. தனித்தனியாகப் பெயர் போட்டால் யாரையாவது விட்டுவிடுவேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனுடைய தாத்தா அவர். எல்லோரும் மேசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டிருந்த அன்று, அவர் மட்டும் குழாயடியில் ஒரு வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் குப்பைக்கென்று ஒதுக்கிய வாளி. உள்ளே 64 பிரஷ்கள், சேறும் சாயமுமாக.

"இதை என்ன பண்ணப் போறீங்க டீச்சர்?"

"தூக்கிப் போடப் போறேன் ஐயா."

"நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

சரி என்றேன். ஒரு வேலை குறைந்ததே என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஐந்து நாள் கழித்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு வந்தார். பிரித்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒவ்வொரு பிரஷ்ஷும் நுனி கூடி, அரும்பு மாதிரி இருந்தது. கடையிலிருந்து வந்த அன்றைக்குக்கூட அவை அப்படி இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வாழ்நாள் முழுக்கக் கடைகளுக்குப் போர்டு எழுதியவராம். எல்லாம் மெஷினில் அச்சடித்து வர ஆரம்பித்ததும் தொழில் நின்றுவிட்டது. எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். ஏதோ சமையல் குறிப்பு சொல்வதுபோல் சொன்னார். போஸ்டர் கலர் எவ்வளவு காய்ந்திருந்தாலும் தண்ணீரில் ஊறவிட்டால் கரைந்துவிடும். அக்ரிலிக் அப்படியில்லை, காய்ந்தால் பிளாஸ்டிக்தான். அதைச் சோப்பு போட்டு ஊறவைத்து, பழைய சீப்பால் வேரிலிருந்து வாரிக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்க்க வேண்டும். உள்ளங்கையில் சோப்பைத் தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை பிரஷ்ஷைச் சுழற்ற வேண்டும். வளைந்துபோன நைலான் முடியைச் சுடுதண்ணீரில் ஒரு முக்கு முக்கினால் நேராகிவிடும். "நிஜ முடி பிரஷ்ஷை மட்டும் சுடுதண்ணியில போட்டுடாதீங்க டீச்சர், முடி கெட்டுப்போயிடும், அடியில ஒட்டியிருக்கிற பசையும் விட்டுடும்." அப்புறம் நுனியை விரலால் கூட்டி, படுக்க வைத்துத்தான் காயவிட வேண்டும். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் தகர வளையத்துக்குள் இறங்கி, கட்டை ஊறி, வளையமே ஆட ஆரம்பித்துவிடும்.

11 பிரஷ்களுக்குப் பிடியில் நூல் சுற்றிப் பருமனாக்கியிருந்தார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்காம். சின்ன விரல்களுக்கு மெல்லிய குச்சியைவிடத் தடித்த பிடிதான் வாகு என்று நானும் பயிற்சிக் காலத்தில் படித்தவள்தான். படித்தேன், அவ்வளவே.

போகும்போது கொஞ்சம் தயங்கி ஒன்று சொன்னார். "தப்பா நினைக்காதீங்க. இந்தப் பிரஷ்லாம் தண்ணி வந்ததால கெட்டதில்ல. முன்னாடியே கெட்டிருக்கு. டம்ளர்ல தலைகீழா நிக்கவச்சு நிக்கவச்சு முடி மடங்கிப் போச்சு."

ராத்திரி தூங்கவில்லை. 11 வருடமாக ஓவிய ஆசிரியை நான். பிள்ளைகள் ஏன் படத்தின் அடியில் ஒரு தரைக்கோடு போட்டு, அதன்மேல் மரம், வீடு, அம்மா என்று வரிசையாக நிறுத்தி, வானத்தை உச்சியில் ஒரு பட்டையாக மட்டும் பூசுகிறார்கள் என்று கேளுங்கள், பதில் சொல்வேன். பிள்ளைகளின் ஓவியங்களை ஆராய்ந்த கலைக் கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே அதை 7 முதல் 9 வயது வரையான கட்டம் என்று பிரித்து எழுதிவிட்டார். நடுவில் வெறும் காற்றுதானே என்பது பிள்ளையின் கணக்கு, அதைத் திருத்தக் கூடாது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் நுனி பிளந்த பிரஷ்ஷைக் கையில் கொடுத்துவிட்டு, "கையை ஆட்டாமல் கோடு போடு" என்று எத்தனை பேரை அதட்டியிருப்பேன்! கோடு இரண்டாகப் பிரிந்தது பிள்ளையின் கையாலா?

சந்தேகம் வந்ததும் மறுநாள் கத்தரிக்கோல் டப்பாவையும் கொட்டிப் பார்த்தேன். எல்லாமே வலதுகைக்கானவை. ஒரு வகுப்பிலேயே 4 பேர் இடதுகைக்காரர்கள். இடதுகையில் அதைப் பிடித்தால் வெட்ட வேண்டிய கோட்டை மேல் அலகு மறைத்துவிடும். விரல் அழுத்தமும் அலகுகளை நெருக்காமல் விலக்கிவிடும், தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடங்கும். அந்த நால்வரில் ஒருத்தியின் நோட்டில் "கவனம் போதாது" என்று போன மாதம் எழுதியிருக்கிறேன், சிவப்பு மையில். அதை அவள் முன்னாலேயே அடித்துவிட்டு, என் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இனி ஒவ்வொரு வருடமும் முதல் பீரியடில் வண்ணம் கிடையாது. பிரஷ் கழுவுவதுதான் முதல் பாடம். பீரியட் முடிய 10 நிமிடம் இருக்கும்போதே படத்தை நிறுத்தி எல்லோரும் குழாயடிக்குப் போக வேண்டும். படம் பாதியில் நின்றாலும் சரி. ஒரு பிள்ளைக்குக் கோடு வரவில்லை என்றால் முதலில் அதன் கையிலிருக்கும் சாமானை நான் வாங்கிப் போட்டுப் பார்ப்பேன். பேச்சு அப்புறம்தான்.

கண்காட்சியில் பூனைப் படத்தின் முன்னால் எல்லோரும் நின்றீர்களே, அந்த மீசை முழுக்க 2-ஆம் நம்பர் பிரஷ்ஷால் போட்டது. போட்டவன் உங்கள் பேரன் இல்லை தாத்தா, அவனுக்குப் பக்கத்து பெஞ்சு. இத்தனை நாள் பூனைகளையெல்லாம் மீசையில்லாமலே வரைந்துகொண்டிருந்தவன். "டீச்சர், இப்ப பிரஷ் சொன்ன பேச்சு கேக்குது" என்றான்.

இன்னொன்று தாத்தா. எண்ணிப் பார்த்தேன். 63தான் இருக்கிறது. அந்தப் பட்டைப் பிரஷ், 12-ஆம் நம்பர், அன்றைக்கு உங்கள் சட்டைப் பையிலிருந்து எட்டிப் பார்த்ததைக் கவனித்தேன், கேட்கவில்லை. அது உங்களிடமே இருக்கட்டும். அடுத்த வருடக் கண்காட்சிக்கு வாசல் போர்டை அதால்தான் எழுதித் தர வேண்டும்.