அரண்மனைக்காரன் தெரு: வாசலில் ஓர் ஆண்டு, சுவருக்கு வேறு வயது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னை தினமான ஆகஸ்ட் 22 நெருங்கினால் பத்திரிகைகளில் சென்னை பற்றிய கட்டுரைகள் வரிசைகட்டி வரும். ஜார்ஜ் டவுன் என்று தொட்டால் அரண்மனைக்காரன் தெருவை விட மாட்டார்கள். அந்தக் கட்டுரைகளில் தவறாமல் தலைகாட்டும் ஒரு பிழை உண்டு. ஆர்மீனியத் தேவாலயம் 1712-இல் கட்டப்பட்டது என்றும், அதே தெருவிலுள்ள தூய மரியன்னை இணைப் பேராலயம் 1642-ஆம் ஆண்டுக் கட்டடம் என்றும் எழுதிவிடுகிறார்கள். இரண்டுமே வாசலில் உள்ள ஆண்டைப் பார்த்து எழுதுபவை. அங்கே இருப்பது அந்தந்தச் சமூகம் தன் கோயில் வரலாறு தொடங்கியதாகக் கொள்ளும் ஆண்டு. உள்ளே நிற்கும் சுவர் எழும்பியது வெகுகாலம் கழித்து.

1750-களுக்கு முன் ஊர் இருந்த இடமே வேறு. புனித ஜார்ஜ் கோட்டையின் வடக்கு மதிலை ஒட்டி, இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் பக்கத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்தார்கள். 1749-இல்தான் அது ஆங்கிலேயர் கைக்குத் திரும்பியது. கோட்டை மதிலருகே வீடுகள் இருந்தால் முற்றுகையிடுபவனுக்கு அவையே மறைவிடம். கோட்டைப் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும். ஆகவே பிரெஞ்சுக்காரர்கள் ஒரு பகுதியை இடித்தார்கள், மிச்சத்தை ஆங்கிலேயர்கள் இடித்தார்கள். ஊர் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் நகர்ந்தது.

ஆர்மீனியர்களோடு கிழக்கிந்தியக் கம்பெனி 1688-இல் ஓர் ஒப்பந்தம் போட்டது. கம்பெனியின் ஊர் எதிலும் 40 ஆர்மீனியர்களுக்குக் குறையாமல் குடியேறினால் கோயிலுக்கு நிலமும் மரத்தாலான கோயிலும் கம்பெனி தரும். பாதிரியாருக்கு ஏழு ஆண்டுகள் வரை ஆண்டுக்கு 50 பவுன் கொடுக்கும். சென்னையில் 1712-இல் எழுந்த கோயில் பழைய ஊரோடு போயிற்று. இப்போது நாம் பார்ப்பது 1772-இல், ஆர்மீனியர்களின் இடுகாடாக இருந்த நிலத்தில் கட்டியது. தரையெங்கும் சுமார் 350 கல்லறைகள் பதிந்திருப்பது அதனால்தான். இங்கே ஒரு கல்லில் 1772-க்கு முந்தைய ஆண்டு இருந்தால், அதை வைத்துக் கோயிலின் வயதைக் கூட்டக் கூடாது. இடுகாடு மூத்தது, கோயில் இளையது.

மரியன்னை பேராலயத்தின் கதையும் அதே சாயல்தான். 1642 என்பது கப்புச்சின் சபைக் கத்தோலிக்கத் துறவிகள் கோட்டைக்குள் பணி தொடங்கிய ஆண்டு. கோட்டையைத் திரும்பப் பெற்ற ஆங்கிலேயர்கள், கத்தோலிக்கர்கள் பிரெஞ்சுக்காரருக்குத் துணைபோனதாகச் சந்தேகித்து அவர்களை வெளியேற்றினார்கள். கோட்டைக்குள் இருந்த கோயிலும் இடிபட்டது. அரண்மனைக்காரன் தெருக் கட்டடம் அதற்குப் பிறகு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. ‘இணை’ என்ற அடைமொழி இன்னும் புதிது. 1952-இல் சென்னையும் மயிலாப்பூரும் ஒரே உயர்மறைமாவட்டமாகி, சாந்தோம் தலைமைப் பேராலயமான பிறகு ஒட்டிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்குக் கூடும் கூட்டத்துக்கு இந்த ஆண்டுக் கணக்கெல்லாம் தேவையில்லை, எழுதுகிறவர்களுக்குத் தேவை.

ஆர்மீனியத் தேவாலயத்தில் மணிக்கூண்டு தனியாக நிற்கிறது. உள்ளே ஆறு மணிகள். விட்டம் 21 முதல் 26 அங்குலம், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிலோ. அவற்றில் ஒன்று 1754-ஆம் ஆண்டுக்குரியது, அதாவது கோயிலுக்கே மூத்தது. ஆனால் அதே மணியில் தமிழ் எழுத்தும் உண்டு. 1808-இல் மறுபடி வார்த்ததை அது சொல்கிறது. மணியின் நாக்கு ஒரே இடத்தில் பல்லாண்டுகள் அடித்தால் அவ்விடம் தேய்ந்து விரிசல் விடும். தேய்மானத்தை முன்கூட்டியே கவனித்தால் மணியைக் கால் சுற்று திருப்பி மாட்டிச் சமாளிக்கலாம். விரிசல் விட்டால் நாதம் செத்துவிடும்; பெரும்பாலும் உருக்கி வார்ப்பதுதான் வழி. அப்படி வார்க்கும்போது பழைய ஆண்டையும் சேர்த்துப் பொறிப்பதுண்டு. 1754 என்று மட்டும் எழுதினால் பாதி உண்மை. இன்னும் இரண்டு மணிகளில் லண்டன் வார்ப்பாளர் தாமஸ் மியர்ஸ் பெயரும் 1837-உம் இருக்கின்றன.

கல்லறைக் கல்லில் ஆர்மீனிய எழுத்து மட்டும் இருந்தால் ஆண்டே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். ஆர்மீனியத்தில் எழுத்துதான் எண். 36 எழுத்துகளை ஒன்பது ஒன்பதாகப் பிரித்தால் முதல் வரிசை ஒன்றுகள், அடுத்தது பத்துகள், பிறகு நூறுகள், கடைசியில் ஆயிரங்கள். கிடைக்கும் எண் ஆயிரத்துக்கு மேல் இருந்து, கிறிஸ்து ஆண்டு என்று குறிப்பில்லாவிட்டால் அது ஆர்மீனியரின் சொந்த ஆண்டுக் கணக்கு; 551 கூட்டுங்கள். 1221 என்றால் 1772. ஈரானின் ஜுல்பாவிலிருந்து வந்த வணிகர்களுக்கு அசாரியா என்ற சின்ன ஆண்டுக் கணக்கும் உண்டு. எண் மூன்று இலக்கத்தோடு நின்றால் 1615 கூட்ட வேண்டும். 157 என்றால் அதே 1772. இரண்டுக்கும் புத்தாண்டு ஜனவரியில் பிறப்பதில்லை என்பதால் ஓர் ஆண்டு முன்பின் ஆகலாம்.

எழுத்து தெரியவில்லை என்று கல்லில் சாக்பீஸ் தேய்ப்பதும் ஆசிட் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். ஆசிட்டில் கல்லின் மேல்தோல் அரித்து, மேலோட்டமான வெட்டு முதலில் மறையும். செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்தாலே போதும், வெட்டின் நிழல் விழுந்து எழுத்து எழும்பும்.

பத்திரிகைக்காரர்கள் கவனிக்க வேண்டிய கல்லறை ஒன்று அந்த முற்றத்தில் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான ‘அஸ்தரார்’ 1794 அக்டோபரில் சென்னையில்தான் வெளிவந்தது. 1796 வரை நடந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மவோன்யான் 1824-இல் காலமாகி இங்கே அடக்கமானார். இதை ‘சென்னையின் முதல் பத்திரிகை’ என்று எழுதுவது தவறு. மெட்ராஸ் கூரியர் 1785-இலேயே வந்துவிட்டது. முதல் ஆர்மீனியப் பத்திரிகை என்ற பெருமையே தாராளம்.

நேர்மாறான உதாரணமும் இதே சமூகத்திடம் இருக்கிறது. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் அடையாற்றின் மேல் சைதாப்பேட்டையில் 1726-இல் கட்டிய மர்மலாங் பாலம் இப்போது இல்லை. அவ்விடத்தில் 1966-இல் மறைமலை அடிகள் பாலம் வந்தது. ஆனால் பழைய பாலத்தின் கல்வெட்டு பக்கத்திலேயே நிற்கிறது. அந்தக் கல்லைப் பார்த்து இப்போதுள்ள பாலத்துக்கு வயது சொல்ல யாரும் துணிவதில்லை. தேவாலயத்துக்கு மட்டும் ஏன் சொல்கிறோம்?

ஆகவே இந்தத் தெருவில் தகவல் பலகை வைப்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் சமூகம் தொடங்கிய ஆண்டு, இந்த நிலத்துக்கு வந்த காலம், இப்போதுள்ள கட்டடத்தின் ஆண்டு என மூன்றையும் தனித்தனி வரியாகத் தர வேண்டுகிறேன். மரபு நடை நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை: பாரிமுனையில் டேர் ஹவுஸ் அருகே நிற்கும் எல்லைத் தூணிலிருந்து தொடங்குங்கள். வீடுகளை இடித்து உண்டாக்கிய வெட்டவெளியின் எல்லையைக் காட்ட நட்ட ஆறு தூண்களில் மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான். அதில் இருக்கும் தேதி 1773 ஜனவரி 1. அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு அரண்மனைக்காரன் தெருவுக்குள் நுழைந்தால் 1642-உம் 1712-உம் யாரையும் ஏமாற்றாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ராயபுரம், சென்னை